கரண்ட் போன ஊரில் மோட்டார் ஓடலாமா? அறிவியல் புனைவுப் படங்களை ரசிப்பது பற்றி

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வீடு. சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி மதியம், சாப்பிட்டு முடித்து எல்லோரும் டிவி முன்னால் சரிந்து கிடந்தோம். ஏதோ ஒரு டப்பிங் படம், பெயர் நினைவில்லை. வானத்திலிருந்து ஒரு கலம் இறங்குகிறது. இறங்கிய மாத்திரத்தில் ஊர் முழுக்க மின்சாரம் போய்விடுகிறது. ஓடுகிற கார் நின்றுவிடுகிறது, ஆஸ்பத்திரியில் விளக்கு அணைகிறது. அப்புச்சி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கலத்தின் கதவு திறந்து பச்சை நிறத்தில் ஒருவன் இறங்கி வந்தபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தது பாட்டு. நாயகனும் நாயகியும் தோட்டத்தில் ஆடுகிறார்கள். பின்னால் பம்ப்செட் குழாயில் தண்ணீர் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது.

"கரண்டு போச்சுன்னு இப்பத்தான சொன்னாங்க. மோட்டாரு எப்படி கண்ணு ஓடுது?"

வீடே சிரித்தது. "பச்சை மனுசனை நம்பிட்டீங்க, மோட்டார் ஓடறதை நம்ப மாட்டீங்களா?" என்று மாமா கேட்டார். அப்புச்சி விடவில்லை. "அவன் எங்கிருந்தோ வந்தவன், எப்படி இருப்பான்னு எனக்கென்ன தெரியும்? மோட்டாரு எனக்குத் தெரியுமில்ல" என்றார். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு கிணற்று மேட்டுக்குப் போய்ப் பழகியவர் அவர்.

அறிவியல் புனைவுப் படம் எதனால் பிடிக்கிறது, எதனால் பிடிக்காமல் போகிறது என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். நாம் பொய்யை நம்ப மறுப்பவர்கள் அல்ல. டிக்கெட் எடுப்பதே அதற்குத்தான். ஆனால் படம் ஒரு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யைத் தானே மறந்துவிட்டால் கோபம் வருகிறது. தியேட்டர் பைக் ஸ்டாண்டில் "லாஜிக் இடிக்குது" என்று பேசிக்கொள்வது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். இயற்பியல் புத்தகத்தோடு அது இடிப்பதில்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே படம் சொன்ன ஒன்றோடு இடிக்கிறது.

மாயாஜாலப் படத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. மந்திரவாதி கையை நீட்டினால் தீ வரும். எப்படி என்று யாரும் கேட்பதில்லை. மந்திரம் என்றாலே கேட்கக் கூடாது என்று பொருள். அறிவியல் புனைவு அப்படி நழுவ முடியாது. "இது மந்திரம் இல்லை, இதற்கு ஒரு காரணம் இருக்கிறது" என்று அது முதல் காட்சியிலேயே வாக்குக் கொடுத்துவிடுகிறது. அந்தக் காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருப்பதாகப் படம் நம்பினால் போதும், அப்புறம் அதன்படி நடந்தால் போதும்.

இதற்கு ஒரு கலைச்சொல்லும் உண்டு. டார்கோ சுவின் என்ற இலக்கிய ஆய்வாளர் 1970-களில் 'நோவம்' என்ற லத்தீன் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். புதியது என்று பொருள். நம் உலகத்தில் இல்லாத ஒரு புதுப் பொருளோ புது நிலைமையோ கதைக்குள் நுழைகிறது. கதை உலகம் முழுக்க அதைச் சுற்றியே தன்னைத் திருத்திக்கொள்கிறது. அப்படித் திருத்திக்கொண்ட உலகத்திலிருந்து திரும்பிப் பார்க்கும்போது, பழகிப்போன நம் உலகமே நமக்குக் கொஞ்சம் விநோதமாகத் தெரியும். சுவின் சொன்னதன் சுருக்கம் இவ்வளவுதான். நான் இதை 'ஒரே பொய்' என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு படத்துக்கு ஒரு பொய் அனுமதி. மற்றதெல்லாம் நம் வீட்டுத் திண்ணை மாதிரி உண்மையாக இருக்க வேண்டும்.

வெறும் பேச்சாக இருந்தால் பிடிபடாது. ஒரு கதை கட்டிப் பார்ப்போம்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஒருவர். குடோனைச் சுத்தம் செய்யும்போது பழைய கணக்கு நோட்டுகளுக்கு அடியில் ஒரு பெட்டி கிடைக்கிறது. பெட்டியில் ஒரே ஓர் எண் ஒளிர்கிறது. நாளைய ஏலத்தில் ஒரு குவிண்டால் மஞ்சள் என்ன விலைக்குப் போகும் என்பதுதான் அந்த எண். முதல் நாள் அவர் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் புரிகிறது.

இதுதான் பொய். இதற்கு மேல் ஒரு பொய்யும் கூடாது. பெட்டி லாட்டரி முடிவு சொல்லாது, கிரிக்கெட் ஸ்கோர் சொல்லாது, பேசாது, பறக்காது. நாளைக்கு மட்டும்தான், நாளை மறுநாள் கிடையாது. இந்த வரம்புகள் கதையைக் குறுக்கிவிடும் என்று புதிதாக எழுதுபவர்கள் பயப்படுவார்கள். எல்லாம் தெரிந்த பெட்டி கையில் இருந்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார், உட்கார்ந்து சாப்பிடுவார். கொஞ்சம் மட்டும் தெரிந்தால்தான் தவிப்பார்.

சரி, முதல் விளைவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பணம் சம்பாதிக்கிறார். நம் படங்கள் பலவும் இதை ஒரு பாட்டில் காட்டி முடித்துவிடும்: புது கார், புது வீடு, வெளிநாட்டில் நடனம். சோம்பேறித்தனமான படம் இந்த முதல் விளைவோடு நின்றுவிட்டு, வில்லனைக் கூட்டிவந்து பெட்டியைத் திருட வைக்கும். நல்ல படம் இரண்டாவது விளைவைத் தேடும்.

மஞ்சள் தொழிலில் பாதி வேலை காத்திருப்பது. பறித்து, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்ட மஞ்சளை உடனே விற்றே ஆக வேண்டும் என்பதில்லை. விலை ஏறும் என்று வருடக்கணக்கில் குடோனில் வைத்திருப்பவர்கள் உண்டு. அதனால் ஊரில் எல்லோரும் எல்லோரையும் கவனித்துக்கொண்டேதான் இருப்பார்கள். யார் மூட்டையை இறக்குகிறார், யார் இன்னும் பூட்டை எடுக்கவில்லை என்பதெல்லாம் டீக்கடை வரைக்கும் செய்தி. நம் ஆள் விற்ற மறுநாள் எப்போதும் விலை விழுகிறது என்பதை ஐந்து பேர் கவனித்துவிடுகிறார்கள். அடுத்த முறை அவர் மூட்டையை எடுக்கும்போது அந்த ஐந்து பேரும் எடுக்கிறார்கள். வரத்து கூடுகிறது. விலை இறங்குகிறது.

இப்போது கேள்வி. பெட்டி முந்தின நாள் சொன்ன எண், இந்த ஐந்து பேரையும் சேர்த்துச் சொன்னதா, சேர்க்காமல் சொன்னதா?

காலத்தோடு விளையாடும் படங்கள் இங்கேதான் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு வகையில், நடக்கப்போவது ஏற்கெனவே நடந்ததுதான். நாம் தடுக்கப் போவதும் அதில் சேர்த்தி. இதில் பெட்டி பொய்யே சொல்லாது. விலை விழாமல் தடுக்க அவர் செய்யும் காரியமே விலை விழக் காரணமாகும். இன்னொரு வகையில், கைவைத்தால் காலம் மாறும். 2015-ல் வந்த 'இன்று நேற்று நாளை' இரண்டாம் வகை. கால இயந்திரம் கிடைத்த இரண்டு நண்பர்கள் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புவதில்லை. ஜோசியர் வேடம் போட்டு, தொலைந்துபோன பொருட்களைக் கண்டுபிடித்துக் கொடுத்து காசு பார்க்கிறார்கள். பொருள் எங்கே எப்போது தொலைந்தது என்று பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதுமே! கால இயந்திரம் நம் ஊர்க்காரன் கையில் கிடைத்தால் இதைத்தான் செய்வான் என்று தோன்றியதே அந்தப் படத்தின் வெற்றி. அப்புறம் கடந்த காலத்தில் அவர்களால் நேர்ந்த ஒரு சின்னத் தடங்கலில், சாக வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். கலகலப்பாகத் தொடங்கிய விளையாட்டுக்குக் கணக்குத் தீர்க்கும் நேரம் வருகிறது.

எந்த வகை வேண்டுமானாலும் எடுக்கலாம். நடுவில் மாற்றக் கூடாது.

மஞ்சள் பெட்டியில் இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. படம் மனதில் நிற்பதும் நிற்காததும் அந்தப் படியில்தான் என்பது என் எண்ணம். மகள் கல்யாணச் சீருக்குப் பணம் வேண்டும் என்று முப்பது மூட்டையோடு ஒரு விவசாயி இன்று மண்டிக்கு வந்து நிற்கிறார். நாளைக்கு விலை ஏறப்போகிறது, பெட்டி சொல்லிவிட்டது. "ஒரு நாள் பொறுங்க" என்று சொன்னால் அவருக்கு லாபம். சொல்லாமல் இவரே வாங்கிப்போட்டால் இவருக்கு லாபம். சொன்னால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். வந்திருப்பவர் தூரத்துச் சொந்தம் வேறு. இங்கே விஞ்ஞானம் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பெட்டி இல்லாமல் இந்தச் சங்கடமும் இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளை வைத்து யாராவது இதைப் படமாக எடுத்தால் நான் முதல் நாளே போவேன். வெளிநாட்டுப் பாட்டு மட்டும் வேண்டாம்.

பொய்யிலிருந்து ஒரு மனித நிலைமை பிறக்க வேண்டும் என்பதற்குப் பெரிய பட்ஜெட் உதாரணம் 2014-ல் வந்த 'இன்டர்ஸ்டெல்லர்'. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கிப் தார்ன் அறிவியல் ஆலோசகராக இருந்த படம். பெரிய கருந்துளைக்கு அருகே ஒரு கோள். அங்கே ஒரு மணி நேரம் கழித்தால் பூமியில் ஏழு வருடம் ஓடிவிடும். ஈர்ப்பு அதிகமான இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் சொன்ன உண்மை. படம் அதை உச்சத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஆனால் பார்த்தவர்களிடம் கேளுங்கள், கருந்துளையை விட அதிகம் நினைவிருப்பது வேறொரு காட்சி. கோளிலிருந்து கலத்துக்குத் திரும்பும் அப்பா, பூமியில் கழிந்துவிட்ட 23 வருடத்தில் பிள்ளைகள் அனுப்பிய வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்து அழுவது. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போய் மாதக்கணக்கில் கழித்துவிட்டு வருபவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. போகும்போது தவழ்ந்த குழந்தை, வரும்போது நடந்துவந்து யாரோ என்று பார்க்கும்.

வேற்றுக்கிரகவாசி வரும் படங்களுக்கும் இதே கணக்கு. அவன் ஏன் வந்தான்? பூமியைப் பிடிக்க வந்தான் என்பது சலித்துப்போன பதில். 1963-ல் எம்.ஜி.ஆரும் பி. பானுமதியும் நடித்து, ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் இசைக்காக வருகிறார்கள். பூமியில் நன்றாகப் பாடுகிற ஒரு பெண்ணைத் தங்கள் கிரகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தந்திரக் காட்சிகளை இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் எல்லாம் கற்ற ஓர் உலகத்துக்குச் சங்கீதம் மட்டும் குறைகிறது என்ற யோசனைக்குச் சிரிப்பு வராது. அறுபது வருடம் கழித்தும் அந்தக் காரணம் பழையதாகவில்லை.

நம் பக்கத்துக் கதை இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கப் படக்குழுவோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று ஒரு படம் எடுத்தது, தமிழில் 'காடு'. காட்டு யானைகள் வெறிபிடித்து ஓடுகின்றன, காரணம் தேடிப் போனால் அழிந்துபோனதாக நினைத்த ரோமயானைகள், மம்மூத்துகள், உயிரோடு இருக்கின்றன. சேலத்துக்காரர்கள் எழுபது வருடத்துக்கு முன்பே தொட்டுப் பார்த்த துறை இது என்பதற்காகச் சொன்னேன்.

யானை என்றதும் இன்னொரு விஷயம் வருகிறது: காட்டாமல் காட்டுவது. கோவையை ஒட்டிய தடாகம் பக்கமோ மேட்டுப்பாளையம் பக்கமோ மலையடிவாரத் தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். யானை வந்திருக்கிறது என்பதை யாரும் யானையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. முதலில் நாய் குரைப்பது மாறும். அப்புறம் நாய் குரைப்பதையே நிறுத்திவிடும். எங்கோ வாழை முறியும் சத்தம். அதற்குள் வயிற்றைக் கலக்கிவிடும். யானை கண்ணுக்குத் தெரியும்போது, உண்மையைச் சொன்னால், பயம் கொஞ்சம் குறையும். எங்கே நிற்கிறது என்றாவது தெரிந்துவிட்டதே.

1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் படம். அதில் டைனோசர்கள் திரையில் இருப்பது மொத்தமாகச் சேர்த்தால் கால் மணி நேரம் அளவுக்குத்தான். மீதி நேரமெல்லாம் அவை வரப்போகின்றன. காருக்குள் வைத்திருக்கும் டம்ளர் தண்ணீரில் வட்டவட்டமாக அலை எழும் காட்சி நினைவிருக்கிறதா? காருக்கு அடியில் ஒரு கிடார் கம்பியைக் கட்டி, அதைச் சுண்டித்தான் அந்த அலையை வரவழைத்தார்கள். ஒரு டம்ளர், ஒரு கம்பி. கணினி வரைகலையில் கொட்டிய கோடிகளுக்கு ஈடாக நிற்கிறது அது. இன்றைய படங்கள் பல முதல் காட்சியிலேயே பூதத்தை முழுசாகக் காட்டிவிட்டு, அடுத்த இரண்டு மணி நேரம் அதைவிடப் பெரிய பூதத்தைத் தேடி அலைகின்றன.

காதுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் யாரும் பேசுவதில்லை. இல்லாத ஒரு பொருளுக்கு எப்படிச் சத்தம் கொடுப்பது? இருக்கிற பொருளிலிருந்துதான். 1954-ல் ஜப்பானில் காட்ஸில்லா என்ற ராட்சதப் பிராணிக்கு உறுமல் தேவைப்பட்டது. டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் கம்பியில் பிசின் தடவிய தோல் கையுறையைத் தேய்த்து உண்டாக்கினார்கள். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஒளிவாள் எழுப்பும் 'உம்ம்ம்' என்ற ரீங்காரம், பென் பர்ட் என்ற ஒலி வடிவமைப்பாளர் பழைய சினிமா புரொஜெக்டர் மோட்டாரின் முனகலையும் டிவி படக்குழாயின் இரைச்சலையும் கலந்து செய்தது. 1905-ல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டிய கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட்டுக்கு இதைச் சொல்லியிருந்தால் ரசித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

சோமனூர், பல்லடம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விசைத்தறிச் சத்தம் தாலாட்டு. தறி ஓடும்வரை தூங்குவார்கள், நின்றால் விழித்துக்கொள்வார்கள். மௌனத்துக்கு எவ்வளவு பலம் என்பது அவர்களுக்குத் தெரியும். விண்வெளியில் காற்று இல்லை, அதனால் சத்தம் பரவாது. 1968-ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' இதை மதித்தது. கலத்துக்கு வெளியே மனிதன் மிதக்கும்போது அவனுடைய மூச்சு மட்டும் கேட்கும். சில இடங்களில் அதுவும் இல்லை. 'ஸ்டார் வார்ஸ்' மதிக்கவில்லை. அதன் விண்வெளியில் கலங்கள் உறுமிக்கொண்டு பறக்கும், வெடிக்கும். அறிவியல்படி பார்த்தால் தப்பு. ஆனால் முதல் காட்சி முதல் கடைசிக் காட்சி வரை ஒரே மாதிரி தப்பு. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

அறிவியல் சரியாக இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் அதுதான். சரியாக இருந்தால் ருசி கூடும், கட்டாயமில்லை. சில சமயம் கொடுக்கல் வாங்கல் திசை மாறியும் நடக்கும். ராக்கெட் கிளம்பும் முன் எண்களைத் தலைகீழாக எண்ணுகிறார்களே, அதைப் பரவலாக்கியது ஃப்ரிட்ஸ் லாங் 1929-ல் ஜெர்மனியில் எடுத்த, நிலவுக்குப் போகும் படம் ஒன்று. காட்சியில் பதற்றம் ஏற்றுவதற்காகச் செய்தது, ஏவுதளங்களில் வழக்கமாகிவிட்டது.

பணம் இல்லாமல் முடியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2004-ல் அமெரிக்காவில் 'பிரைமர்' என்ற படம் சுமார் 7,000 டாலரில் எடுக்கப்பட்டு, சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்மைப் பரிசு வாங்கியது. இரண்டு இன்ஜினியர்கள், ஒரு கார் ஷெட், தற்செயலாகக் காலத்தைத் திருப்பும் ஒரு பெட்டி. கலம் இல்லை, பூதம் இல்லை. கதை சிக்கலானது, ஒரு தடவை பார்த்தால் தலை சுற்றும், எனக்கும் சுற்றியது. ஆனால் அந்த ஷெட்டும், ஒயர்களும், ராத்திரி வேலை முடித்து வரும் அந்த இருவரின் களைப்பும் உண்மை. கோவையின் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்தால் இதே முகங்களைப் பார்க்கலாம். பம்ப் மோட்டாரும் கிரைண்டரும் செய்கிற கைகளுக்கு, கூடவே ஒரு கால இயந்திரம் செய்வது அப்படி ஒன்றும் நம்ப முடியாத சங்கதி இல்லை.

போன பொங்கலுக்குப் போனபோது, இந்த மஞ்சள் பெட்டிக் கதையை அப்புச்சியிடம் சொன்னேன். கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். முப்பது மூட்டைக்காரர் வரும் இடத்தில் எழுந்து உட்கார்ந்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அந்தப் பொட்டி சொல்றது விரலி வெலையா, கெழங்கு வெலையா?"

விரல் மாதிரி நீண்ட மஞ்சள் விரலி, உருண்டையானது கிழங்கு; இரண்டுக்கும் விலை வேறு. நான் அதை யோசித்திருக்கவே இல்லை. விரலி என்று சொல்லிவைத்தேன்.

"அப்பக் கெழங்கு வச்சிருக்கறவன் என்ன பண்ணுவான்?"